ராத்திரி அடிக்கடி யூரின் வருதா? பகல்ல உங்க கால் எப்படி இருந்துச்சுன்னு பாருங்க

ராத்திரி ரெண்டு மூணு தடவை எழுந்து யூரின் போறேன்னு சொன்னா முதல்ல வர்ற அட்வைஸ் "சாயந்திரத்துக்கு மேல தண்ணி குடிக்காதீங்க"தான், அடுத்தது சுகர் டெஸ்ட் எடுங்க, ஆம்பளையா இருந்தா புராஸ்டேட் பாருங்க. எல்லாமே பாக்க வேண்டியதுதான். ஆனா தண்ணியும் குறைச்சாச்சு, சுகரும் நார்மல், ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்ல, அப்பவும் 1 மணிக்கு ஒரு தடவை 3 மணிக்கு ஒரு தடவைன்னு எழுந்து, போற ஒவ்வொரு தடவையும் நிறையவே போறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க, அவங்ககிட்ட பெரும்பாலும் யாரும் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. பகல் முழுக்க எப்படி இருந்தீங்க? நின்னுட்டே இருந்தீங்களா, காலைத் தொங்கப்போட்டு உக்காந்தே இருந்தீங்களா, நடந்தீங்களா, மத்தியானம் கொஞ்சமாவது காலை நீட்டிப் படுத்தீங்களா? உடம்பு எந்த பொசிஷன்ல எவ்வளவு நேரம் இருந்துச்சுங்கறதுக்கும் கிட்னி எப்போ எவ்வளவு யூரின் தயார் பண்ணுதுங்கறதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. இது தெரியாம பாவம் வயசானவங்க பலபேர் நாள் பூரா தாகத்தை அடக்கிட்டு உக்காந்திருக்காங்க, அதனாலதான் இதைக் கொஞ்சம் விரிவா எழுதணும்னு தோணுச்சு.

முதல்ல கிட்னி என்ன பண்ணுதுன்னு பாத்துடலாம். இதயம் பம்ப் பண்ற ரத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு, அதாவது நிமிஷத்துக்கு 1 லிட்டருக்கு மேலேயே, ரெண்டு கிட்னிக்கும் போகுது. அதுல இருந்து ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 180 லிட்டர் வடிகட்டப்படுது. நம்ம வெளிய விடறது என்னமோ 1 லிட்டர்ல இருந்து 2 லிட்டர்தான். மீதி 99 சதவீதத்தையும் கிட்னி திருப்பி ரத்தத்துக்கே அனுப்பிடுது. அந்த 99ங்கறது 98 ஆனாலே யூரின் அளவு ரெண்டு மடங்கு ஆயிடும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால யூரின் எவ்வளவு வரும்ங்கறதை முடிவு பண்றது நீங்க எவ்வளவு தண்ணி குடிச்சீங்கங்கறது மட்டும் இல்ல, கிட்னி எவ்வளவைத் திருப்பி எடுத்துக்குதுங்கறதும்தான், அந்த முடிவுக்கு கிட்னி நம்பி இருக்கறது உடம்புல இருந்து வர்ற சிக்னலை.

அந்த சிக்னல் எங்க இருந்து வருது? பெரும்பங்கு நெஞ்சுல இருந்துதான். உடம்புல மொத்தம் எவ்வளவு தண்ணி இருக்குன்னு நேரா அளக்கற கருவி எதுவும் நமக்குள்ள கிடையாது. இதயத்தோட மேல் அறைகள்லயும் அதை ஒட்டின பெரிய ரத்தக் குழாய்கள்லயும் சுவர் எவ்வளவு இழுபடுது, கழுத்து ரத்தக் குழாய்ல பிரஷர் எவ்வளவு, கிட்னிக்குள்ள வர்ற ரத்தத்தோட அழுத்தம் எவ்வளவு, இதை வெச்சுத்தான் உடம்பு கணக்குப் போடுது. நெஞ்சுல ரத்தம் நிறைஞ்சிருந்தா "தண்ணி கூடிப்போச்சு, வெளிய தள்ளு", நெஞ்சுல ரத்தம் குறைஞ்சா "தண்ணி பத்தல, பிடிச்சு வை". இதுல பொசிஷன் நுழையற இடம் என்னன்னா, உடம்புல ஒரு சொட்டு தண்ணி கூடாம குறையாம இருந்தாலும் நீங்க நிக்கறதுனாலயோ படுக்கறதுனாலயோ மட்டுமே நெஞ்சுல இருக்கற ரத்தத்தோட அளவு மாறிடும்.

படுத்திருந்து எழுந்து நின்னா சில நொடிகள்லயே சுமார் 500 மில்லில இருந்து 700 மில்லி ரத்தம் கீழ காலுக்கும் வயித்துக்கும் இறங்கிடுது. நெஞ்சுல காலி ஆகுது. உடனே நரம்பு மண்டலம் ரத்தக் குழாய்களை இறுக்குது, கிட்னி ரெனின்னு ஒரு பொருளை அதிகமா விடுது, அதைத் தொடர்ந்து ஆல்டோஸ்டீரோன் ஹார்மோன் ஏறுது, அது உப்பைப் பிடிச்சு வைக்கும், உப்பு நின்னா தண்ணியும் கூடவே நிக்கும். மூளைல இருந்து வர்ற வாசோபிரசின்ங்கற ஹார்மோனும் கூடும், இது கிட்னியோட கடைசிக் குழாய்கள்ல தண்ணி போற வாசல்களைத் திறந்து தண்ணியை உள்ள இழுத்துக்க வைக்கும். அந்த வாசல்களுக்கு அக்வாபோரின்னு பேரு, இந்த வகைப் புரதத்தைக் கண்டுபிடிச்சதுக்காக பீட்டர் ஆக்ரேவுக்கு 2003ல கெமிஸ்ட்ரி நோபல் கிடைச்சுது. ஆக நிக்கும்போது யூரின் உற்பத்தி குறையுது, படுத்தா இது அத்தனையும் தலைகீழாகி உற்பத்தி கூடுது. ரெனின், ஆல்டோஸ்டீரோன் ரத்த டெஸ்ட் எடுக்கறப்போ நின்னுட்டு இருந்தீங்களா படுத்திருந்தீங்களான்னு லேப்ல கேக்கறதும் இதுக்காகத்தான், பொசிஷன் தெரியாம ரிசல்ட்டைப் படிக்கவே முடியாது.

இது சும்மா யூகமா சொல்லப்பட்ட விஷயம் இல்ல. 1956ல கவர், ஹென்றி அப்படின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்களும் அவங்க கூட வேலை செஞ்சவங்களும் மயக்கம் கொடுத்த நாயோட இதயத்துல இடது மேல் அறைக்குள்ள சின்ன பலூனை விட்டு ஊதிப் பாத்தாங்க. தண்ணியும் ஏத்தல மருந்தும் கொடுக்கல, அந்த அறைச் சுவர் இழுபட்டதுக்கே யூரின் கூடிப்போச்சு. அப்புறம் 1981ல கனடாவுல டி போல்டும் அவர் குழுவும் எலியோட இதய மேல் அறைத் திசுவை அரைச்சு எடுத்த சாறை இன்னொரு எலிக்கு ஊசி போட்டப்போ, அது உப்பும் தண்ணியுமா யூரினைக் கொட்ட ஆரம்பிச்சுது. அதுவரைக்கும் பம்ப்புன்னு மட்டுமே நினைச்சிட்டு இருந்த இதயம் தானே ஒரு ஹார்மோனையும் சுரக்குதுன்னு அப்போதான் தெளிவா தெரிஞ்சுது. ஏஎன்பின்னு சொல்றாங்க அதை. மேல் அறை இழுபட்டா ஏஎன்பி சுரக்கும், கிட்னி உப்பை வெளிய விடும், தண்ணியும் பின்னாடியே போகும்.

கழுத்து வரைக்கும் தண்ணிக்குள்ள நின்னாலும் இதேதான் நடக்கும், வெளிய இருக்கற தண்ணியோட அழுத்தம் காலை நாலாபக்கமும் அமுக்கி ரத்தத்தை நெஞ்சுக்கு ஏத்திடும், நீச்சல்குளத்துல கொஞ்ச நேரம் இருந்தா யூரின் முட்டறதுக்கு காரணம் தண்ணி ஜில்லுன்னு இருக்கறது மட்டும் இல்ல. 1961 மே 5 அன்னிக்கு அமெரிக்க விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் ஃப்ரீடம் 7 விண்கலத்துல போனப்போ பயணம் மொத்தமே 15 நிமிஷம்தான், அதனால யூரினுக்கு எந்த ஏற்பாடும் பண்ணல. ஆனா கிளம்பறதுக்கு லேட் ஆகி, மல்லாந்து காலைத் தூக்கி வெச்ச பொசிஷன்ல 4 மணி நேரத்துக்கு மேல அவர் ராக்கெட் உச்சியிலயே காத்திருக்க வேண்டியதாச்சு, அடக்க முடியாம கடைசில போட்டிருந்த ஸ்பேஸ் சூட்டுக்குள்ளயே யூரின் போக வேண்டி வந்துச்சு. 4 மணி நேரம் ஆனா யாருக்குமே வரும்தான், ஆனா அந்தப் பொசிஷன் கிட்னியை எந்தப் பக்கம் தள்ளும்னு இப்போ உங்களுக்கே புரியும். இங்க ஒண்ணு சொல்லியாகணும், புவியீர்ப்பு இல்லாத இடத்துக்குப் போனா ரத்தம் மேல ஏறி முகம் உப்பி கால் மெலியுது, அதனால யூரின் நிறையப் போகும்னுதான் எல்லாரும் நினைச்சாங்க, விண்வெளில அளந்து பாத்தப்போ எதிர்பார்த்த அளவுக்குக் கூடல. உடம்பு ஒரே ஒரு சிக்னலை மட்டும் பாத்து முடிவு எடுக்கறது இல்லங்கறதுக்கு இது நல்ல உதாரணம்.

சரி, இப்போ காலுக்கு வருவோம். அசையாம நிக்கும்போது கணுக்கால்கிட்ட ரத்தக் குழாய்ல அழுத்தம் (பிபி அளக்கற அதே கணக்குல) 80, 90 வரைக்கும் போகும். நடக்க ஆரம்பிச்சா கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் ரத்தத்தை மேல பிழிஞ்சு தள்ளறதால அது 20, 30க்கு இறங்கிடும். அதாவது நிக்கறதும் நடக்கறதும் காலுக்கு ஒண்ணே இல்ல, வெளிய இருந்து பாத்தா ரெண்டும் நேரா இருக்கற பொசிஷன்தான், உள்ள நடக்கறது முழுக்க வேற. அசையாம நின்னாலோ காலைத் தொங்கப்போட்டு மணிக்கணக்கா உக்காந்தாலோ அந்த அழுத்தத்துல ரத்தத்தோட தண்ணிப் பகுதி கொஞ்சம் கொஞ்சமா சின்ன ரத்தக் குழாய்கள் வழியா வெளிய கசிஞ்சு திசுவுக்குள்ள தேங்குது. கால் அதை ஸ்பான்ஜ் மாதிரி உறிஞ்சி வெச்சுக்கும். சாயந்திரம் சாக்ஸைக் கழட்டினா கணுக்காலைச் சுத்தி எலாஸ்டிக் அச்சு பள்ளமா தெரியுதா, செருப்பு காலைல சரியா இருந்தது இப்போ இறுக்குதா, முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்பு மேல கட்டை விரலால கொஞ்ச நேரம் அழுத்திட்டு எடுத்தா குழி உடனே மூடாம நிக்குதா, இதெல்லாம் அந்தத் தண்ணிதான்.

இந்தத் தண்ணி கால்ல தேங்கி இருக்கற வரைக்கும் கிட்னிக்கு அது கணக்குல வராது. நெஞ்சுல ரத்தம் குறைவாத்தான் இருக்கு, அதனால பகல் முழுக்க கிட்னி பிடிச்சு வைக்கற வேலைல இருக்கும், பகல்ல யூரின் கம்மியாத்தான் போகும். ராத்திரி படுத்ததும் காலும் நெஞ்சும் ஒரே மட்டத்துக்கு வருது, கணுக்கால்ல அழுத்தம் சட்டுன்னு விழுந்துடுது, தேங்கின தண்ணி திரும்ப ரத்தத்துக்குள்ள வர ஆரம்பிக்குது. இது ஒரே நிமிஷத்துல நடக்கறது இல்ல, சில மணி நேரம் எடுத்து மெதுவா வரும். அதனாலதான் படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒழுங்கா போயிட்டு வந்தும் ரெண்டு மணி நேரத்துல யூரின் பை நிறைஞ்சு எழுப்புது. நீங்க ராத்திரி விடற யூரின் ராத்திரி குடிச்ச தண்ணியா இல்லாம காலைல இருந்து கால்ல சேந்த தண்ணியா இருக்கலாம். சாயந்திரம் 6 மணிக்கு மேல டம்ளரையே தொடாம இருந்தும் பிரயோஜனம் இல்லாம போறதுக்கு இதான் காரணம்.

சின்ன வயசுல இது பெரிசா படுத்தாது, ராத்திரியில கிட்னி தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும், வாசோபிரசினும் நல்லா சுரக்கும், பிபி ராத்திரி இறங்கும், எல்லாமா சேந்து ஆறேழு மணி நேரம் தூங்க விட்டுடும். வயசு ஏற ஏற இந்த ராத்திரிக் கட்டுப்பாடு தளர்ந்து போகுது, அதே நேரம் ரத்தக் குழாய் வால்வுகளும் பழசாகுது, நடையும் குறையுது, நாற்காலில உக்காரற நேரம் கூடுது. எல்லாம் ஒரே திசைல இழுத்தா தூக்கம்தான் பலி. அதுவும் இருட்டுல அவசரமா எழுந்து பாத்ரூம் போறப்போ தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடையறது இருக்கே, அதுக்கு அப்புறம் பலபேரால பழையபடி நடக்கவே முடியாம போயிடுது. வயசானா அப்படித்தான் இருக்கும்னு இதைத் தள்ளிவிடக் கூடாது.

உங்களுக்கு இருக்கறது இந்தப் பிரச்சனையா இல்ல பை சரியா தாங்காத பிரச்சனையான்னு வீட்டுலயே கண்டுபிடிக்கலாம், அதுக்கு வேண்டியது மில்லி கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் கப்பும் பேப்பரும் பேனாவும்தான். 24 மணி நேரம், போற ஒவ்வொரு தடவையும் அளந்து நேரத்தோட எழுதுங்க, குடிக்கறதையும் எழுதுங்க. இப்படி ரெண்டு மூணு நாள் எழுதினா டாக்டருக்குப் பெரிய உதவி. இதுல நிறைய பேர் கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்கு, காலைல முழிச்சதும் போற முதல் யூரினைப் பகல் கணக்குல எழுதிடுவாங்க, அது ராத்திரி பூரா உருவானது, ராத்திரி கணக்குலதான் சேக்கணும். அதே மாதிரி படுக்கப் போறதுக்கு முன்னாடி போறது பகல் கணக்கு. உதாரணமா ஒருத்தருக்கு 24 மணி நேரத்துல மொத்தம் 1,800 மில்லி, அதுல ராத்திரி 1 மணிக்கு 300, 4 மணிக்கு 250, காலைல எழுந்ததும் 250ன்னு வெச்சுக்குவோம், ராத்திரிப் பங்கு 800, அதாவது 44 சதவீதம். 65 வயசுக்கு மேல ராத்திரிப் பங்கு மூணுல ஒரு பங்கைத் தாண்டினா ராத்திரில அளவுக்கு மீறி யூரின் உருவாகுதுன்னு அர்த்தம், சின்ன வயசுக்காரங்களுக்கு 20 சதவீதம்தான் கோடு. இவருக்குப் பிரச்சனை உற்பத்தில. இதுவே ஒவ்வொரு தடவையும் 80, 100ன்னு கொஞ்சம் கொஞ்சமா போச்சுன்னா அது பையோ புராஸ்டேட்டோ சம்பந்தப்பட்டது, அதுக்கு வைத்தியமே வேற. சாதாரணமா பை 400, 500 மில்லி வரைக்கும் தாங்கும்.

உற்பத்திதான் பிரச்சனைன்னா செய்யறதுக்கு வழி இருக்கு. மத்தியானமோ சாயந்திரமோ படுத்து காலைத் தலகாணி மேல இதயத்தை விடக் கொஞ்சம் உசரமா வெச்சு ஒரு மணி நேரம் இருந்தா, ராத்திரி வரவேண்டிய தண்ணியில ஒரு பகுதி சாயந்திரமே வெளிய வந்துடும். நாற்காலில உக்காந்து சின்ன ஸ்டூல் மேல காலை வெச்சா அவ்வளவு பலன் கிடைக்காது, அப்பவும் கால் நெஞ்சுக்குக் கீழதான இருக்கு. உக்காந்தே வேலை பாக்கறவங்க அப்பப்போ எழுந்து நடக்கறது, முடியாதப்போ குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கறது, இதெல்லாம் தேங்கறதையே குறைக்கும். டாக்டர் சொன்னா காலை இறுக்கிப் பிடிக்கற கம்ப்ரெஷன் சாக்ஸ் பகல்ல போடலாம், ஆனா காலுக்குப் போற ரத்த ஓட்டமே அடைப்பா இருக்கறவங்களுக்கு அது ஆபத்து, அதனால கேக்காம வாங்கிப் போட வேண்டாம். நீர் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு சிலசமயம் டாக்டரே அதை மத்தியானத்துக்கு மேல மாத்தி வைப்பாங்க, தூங்கறதுக்குள்ள காலை வத்த வைக்கறதுக்குத்தான். பிபிக்கு கொடுக்கற அம்லோடிபின் மாதிரி சில மாத்திரைகளே கணுக்கால் வீக்கம் கொண்டு வரும், அந்த வீக்கம் ராத்திரி யூரினா மாறும், மாத்திரையை நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற மாத்திக் கொடுப்பாங்க.

இன்னொரு பெரிய விஷயம் உப்பு. கால்ல தேங்கறது வெறும் தண்ணி இல்ல உப்புத்தண்ணி, உப்பு இல்லாம தண்ணி அவ்வளவு தேங்காது. ஜப்பான்ல நாகசாகி பல்கலைக்கழக டாக்டர்கள் 2017ல வெளியிட்ட ஆய்வுல, தினமும் சாப்பிடற உப்பை சராசரியா 10.7 கிராம்ல இருந்து 8 கிராமுக்குக் குறைச்சவங்க ராத்திரி எழுந்து போறது 2.3 தடவைல இருந்து 1.4 ஆ குறைஞ்சுது. தண்ணியை நிறுத்தறதை விட உப்பைக் குறைக்கறது மேல்னு நான் அடிச்சு சொல்றது இதனாலதான். தண்ணியை ரொம்பக் குறைச்சா யூரின் கெட்டியாகி கல்லு, எரிச்சல், இன்ஃபெக்‌ஷன்னு வேற வம்புதான் வரும்.

குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வர்றவங்களுக்கும் ராத்திரி யூரின் கூடும், அதுக்கும் வழி நெஞ்சு வழியாத்தான். தொண்டை அடைச்சிருக்கும்போது நெஞ்சு மூச்சை இழுக்கப் போராடும், உள்ள அழுத்தம் விழும், இதயத்துக்குள்ள ரத்தம் அதிகமா இழுக்கப்படும், மேல் அறை இழுபடும், ஏஎன்பி சுரக்கும். கால்ல இருந்து மேல வர்ற தண்ணியில கொஞ்சம் கழுத்துத் திசுவுலயும் சேந்து தொண்டையை இன்னும் குறுக்கும். மூச்சுக்கு மெஷின் வெச்சு தூங்கினா பலருக்கு ராத்திரி யூரினும் சேந்தே குறையுது.

இனி உடற்பயிற்சிக்கு வருவோம். கடுமையா ஓடும்போது உடம்பு ரத்தத்தைத் தசைக்கும் தோலுக்கும் திருப்பி விடுது, கிட்னிக்குப் போற ரத்தம் சாதாரண அளவுல நாலுல ஒரு பங்கா கூட குறைஞ்சுடும். கூடவே வாசோபிரசினும் ஏறும், வேர்வையும் மணிக்கு 1 லிட்டர், சிலருக்கு அதுக்கு மேலயும் போகும். அதனால ஓட்டத்துக்குப் பிறகு யூரின் கொஞ்சமா கரு மஞ்சளா வர்றது இயல்புதான். இங்க நிறைய பேர் எதிர்ப்பக்கம் தப்பு பண்றாங்க, யூரின் வெள்ளையா வர்ற வரைக்கும் குடிச்சே ஆகணும்னு தாகம் இல்லாம லிட்டர் லிட்டரா குடிக்கறாங்க. அந்த நேரத்துல கிட்னி பிடிச்சு வைக்கற மோட்ல இருக்கு, குடிச்ச தண்ணி வெளிய போகாம ரத்தத்துல இருக்கற சோடியத்தை (உப்புச் சத்தை) நீர்க்க வெச்சு இறக்கிடும், ரொம்ப இறங்கினா மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தான்ல ஓடி முடிச்ச 488 பேரோட ரத்தத்தைப் பாத்ததுல 13 சதவீதம் பேருக்கு சோடியம் இறங்கி இருந்துச்சு. தாகத்துக்குக் குடிங்க, கலரைப் பாத்துக் குடிக்காதீங்க.

கடுமையான பயிற்சிக்கு அப்புறம் எடுத்த யூரின் டெஸ்ட்ல புரோட்டீன் தெரியறதும், நீண்ட தூரம் ஓடினவங்களுக்கு லேசா ரத்தம் கலந்து வர்றதும் உண்டு, காலிப் பையோட பின்சுவரும் அடிப்பக்கமும் ஓடும்போது ஒண்ணோட ஒண்ணு மோதறதும் அதுக்கு ஒரு காரணம். ஓய்வு எடுத்தா ரெண்டு நாளுக்குள்ள சரியாகணும், ஆகலைன்னா கண்டிப்பா காட்டணும். டீன் ஏஜ் பசங்க சிலருக்கு நிக்கும்போது மட்டும் யூரின்ல புரோட்டீன் போகும், படுத்திருக்கும்போது போகவே போகாது. பகல்ல எடுத்த சாம்பிள்ல புரோட்டீன் இருக்குன்னு ரிப்போர்ட் வந்து வீடே பதறிப்போகும். படுக்கறதுக்கு முன்னாடி யூரின் போயிட்டு, ராத்திரி முழுக்கப் படுத்திருந்து, காலைல எழுந்த உடனே முதல் யூரினைப் பிடிச்சுக் கொடுத்தா அது சுத்தமா இருக்கும், அப்படி இருந்தா பெரும்பாலும் பயப்பட ஒண்ணும் இல்ல. காலை முதல் சாம்பிள்தான் வேணும்னு கேக்கறதுக்குப் பின்னாடி இப்படி ஒரு காரணமும் இருக்கு.

கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல படுக்கறதுலயே எந்தப் பக்கம்ங்கறதும் முக்கியம் ஆயிடுது. மல்லாந்து படுத்தா கர்ப்பப்பை பின்னாடி இருக்கற பெரிய ரத்தக் குழாயை அமுக்கி கால்ல இருந்து இதயத்துக்கு வர்ற ரத்தத்தைத் தடுக்குது, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தா வழி திறந்து கிட்னிக்கு ரத்தம் நல்லா போய் யூரினும் கூடும், கால் வீக்கமும் வத்தும். அதனால அந்த நேரத்துல அடிக்கடி எழுந்து போக வேண்டி வர்றது சகஜம்தான்.

கிட்னில இருந்து பைக்கு யூரின் வர்றதுக்குப் புவியீர்ப்பு தேவையே இல்ல, குழாய் தானே சுருங்கிச் சுருங்கித் தள்ளும், அதனால படுத்தா யூரின் இறங்காதுன்னு பயப்படறவங்க பயப்பட வேண்டாம். ஆனா பை காலி ஆகறதுக்கு பொசிஷன் முக்கியம். புராஸ்டேட் வீங்கின ஆம்பளைங்க நின்னு போறதை விட உக்காந்து போனா பைல மிச்சம் குறைவா நிக்குது, பெண்கள் வெளியிடத்துல டாய்லெட்டைத் தொடாம அரைகுறையா அந்தரத்துல உக்காந்து போனா இடுப்புத் தசை தளராம மிச்சம் நிக்குது.

கால் வீக்கம் திடீர்னு வந்தாலோ, ஒரு கால் மட்டும் வலியோட வீங்கினாலோ, படுத்தா மூச்சு முட்டி எழுந்து உக்காந்தா சரியாகுதுன்னாலோ, அப்போ தலகாணி சாக்ஸ்னு வீட்டுல பாத்துட்டு இருக்காதீங்க, கால்ல ரத்தக் கட்டியோ இதயம், கிட்னி, ஈரல் பிரச்சனையோ இருக்கலாம், அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. ராத்திரி யூரினைக் குறைக்க டெஸ்மோபிரசின்னு மாத்திரை இருக்கு, அது வாசோபிரசின் வேலையையே பண்ணும், ஆனா வயசானவங்களுக்கு சோடியத்தை இறக்கிடற ஆபத்து இருக்கறதால ரத்த டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டேதான் கொடுப்பாங்க, அதுவும் கால்ல தண்ணி தேங்கி இருக்கறவங்களுக்கு முதல்ல அந்தத் தண்ணியைத்தான் பாக்கணும். டாக்டரைப் பாக்கப் போறப்போ அந்த அளவு எழுதின பேப்பரையும், சாப்பிடற மாத்திரை எல்லாத்தோட லிஸ்ட்டையும் கையோட கொண்டு போங்க, கால் வீக்கம் சாயந்திரம்தான் நல்லா தெரியும்ங்கறதால முடிஞ்சா சாயந்திர அப்பாயின்ட்மென்ட்டா கேளுங்க.